ஆடிவிட்டு அழைப்பதா, எழுதிவிட்டு அழைப்பதா: மூன்றாம் முறை வந்த நிலை

கேள்வி · 2 ஜூன் 2025

ஓப்பன் ரேட்டிங் சதுரங்கப் போட்டி ஒன்றில் ஒரே நிலை மூன்றாம் முறை வந்தது. அப்படி வந்தால் டிரா, அதாவது ஆளுக்கு அரைப் புள்ளி, கேட்கலாம். நான் நகர்வை ஆடி, கடிகாரத்தை அழுத்திவிட்டு, கையை உயர்த்தி நடுவரை அழைத்து டிரா கேட்டேன். "இப்போது உங்கள் முறை இல்லை" என்று சொல்லி மறுத்துவிட்டார். எதிராளி வேறு நகர்வை ஆடி, இருபது நகர்வுகளுக்குப் பிறகு வென்றார். நிலை மூன்று முறை வந்தது நகர்வுகளை எழுதிய தாளிலேயே இருக்கிறது. எப்போது கேட்டேன் என்பதை வைத்து அரைப் புள்ளியைப் பறிப்பது என்ன நியாயம்?

பதில் · 2 ஜூன், இரவு 10:15

நடுவர் செய்தது சரி. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 9.2 இரண்டு வழிகளைத் தருகிறது. நீங்கள் ஆடப்போகும் நகர்வால் நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்றால், அந்த நகர்வைக் காயைத் தொடாமல் தாளில் எழுதி, அதை ஆட எண்ணியிருப்பதாக நடுவரிடம் சொல்ல வேண்டும். எழுதிய நகர்வைப் பிறகு மாற்ற முடியாது. எதிராளி ஆடி முடித்ததும் நிலை மூன்றாம் முறை வந்துவிட்டது என்றால், எதையும் எழுதாமலேயே, உங்கள் முறை இருக்கும்போது கேட்கலாம். இரண்டிலும் பொதுவான நிபந்தனை, முறை உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான். நீங்கள் கடிகாரத்தை அழுத்திய நொடியில் அது எதிராளியின் முறையாகிவிட்டது.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இதே தவற்றைச் சேலத்தில் நானும் செய்து, அரைப் புள்ளியை இழந்து, அந்த நடுவரைப் பல மாதங்கள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தவன் என்பதே. ஆட்டத்தை நாளை எழுதுகிறேன்.

3 ஜூன், இரவு 9:50

சென்ற ஆண்டு மே மாதம். சேலத்து மே மாத வெயிலை அறிந்தவர்களுக்குத் தகரக் கூரை போட்ட கல்யாண மண்டபத்தின் உள்ளே மதியம் மூன்று மணிக்கு என்ன நிலைமை என்று விளக்க வேண்டியதில்லை. மணமேடையில் நடுவர்களின் மேசை. சாப்பாட்டுக் கூடத்தில் பெற்றோர். ஒன்பது சுற்றுகள் கொண்ட போட்டியில் அது ஆறாம் சுற்று. நேரக் கட்டுப்பாடு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதல். எனக்கு மூன்று புள்ளிகள். எதிரே அமர்ந்தது பதினொரு வயது இருக்கும் ஒரு சிறுமி. ஐம்பதைத் தாண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு இப்போதெல்லாம் யாருக்கு யார் எதிராளி என்ற பேரிங் பட்டியலைப் பார்க்கவே தயக்கமாக இருக்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபின் எங்கள் தெருவிலேயே மூன்று பயிற்சி வகுப்புகள் முளைத்திருக்கின்றன. அங்கே பயிலும் குழந்தைகள் தங்கள் திறன் மதிப்பெண்ணான ரேட்டிங்கைக் காட்டிலும் வலுவாகவே ஆடுகிறார்கள்.

எனக்குக் கறுப்புக் காய்கள். நடு ஆட்டத்தில் ஒரு சிப்பாயை இழந்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கவனக்குறைவுதான். அறுபதாம் நகர்வை நெருங்கும்போது பலகையில் மிஞ்சியவை ஐந்தே காய்கள். (பலகையின் நிரல்களுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்.) அவளுக்கு ஏ8இல் யானை, ஏ6இல் சிப்பாய், ராஜா. எனக்கு ஜி7இல் ராஜா, எஃப்6இல் யானை.

இறுதியாட்டம், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டம், படித்தவர்கள் இதை உடனே கண்டுகொள்வார்கள். செக் நாட்டைச் சேர்ந்த வான்சூராவின் பெயரால் வழங்கும் நிலை இது; அவருடைய ஆய்வு வெளியானது 1924இல். கறுப்பு யானை ஆறாம் வரிசையில் நின்றபடி ஏ6 சிப்பாயைப் பக்கவாட்டில் தாக்கிக்கொண்டே இருக்கும். சிப்பாயைக் காப்பதற்காக வெள்ளை யானை ஏ8ஐ விட்டு அசைய முடியாது. அதை விடுவிக்க வெள்ளை ராஜா சிப்பாயின் அருகே வந்தால், கறுப்பு யானை பக்கத்திலிருந்தே செக் கொடுத்துத் துரத்தும். சிப்பாய் ஏ7க்கு முன்னேறினால் யானை ஏ6க்குச் சென்று பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். கறுப்பு ராஜாவுக்கு ஒரே ஒரு கடமைதான் உண்டு: ஜி7, எச்7 ஆகிய இரண்டு கட்டங்களை விட்டு நகரக் கூடாது. எனக்கு இது தெரியும். இருபதாண்டுகளுக்கு முன்பே பலகையில் வைத்துப் பழகியிருக்கிறேன். ஆகவே மனத்திற்குள் டிராவைக் கையெழுத்திட்டு வைத்துவிட்டேன்.

அவள் ராஜா பி5க்கு வந்தது, நான் யானையை எஃப்5க்கு வைத்துச் செக் கொடுத்தேன். ராஜா பி6, யானை எஃப்6 செக். ராஜா பி5, யானை எஃப்5. ராஜா பி6, யானை எஃப்6. மீண்டும் ராஜா பி5. நான் யானையை எஃப்5க்கு வைத்து, கடிகாரத்தை அழுத்தி, கையை உயர்த்தினேன். நடுவர் வந்தார். "மூன்றாம் முறை" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சார், மூவ் பண்ணிட்டீங்க. இப்ப அவங்க டைம் ஓடுது" என்றார். நான் வாதிட முற்பட்டபோது, எதிராளியின் நேரத்தில் பேசக் கூடாது என்று எச்சரித்துவிட்டு நின்றுகொண்டார்.

அந்தச் சிறுமி இதையெல்லாம் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ராஜாவை பி6க்கு அல்ல, சி4க்கு நகர்த்தினாள். நான்கைந்து நிமிடங்களில் ஆட்டம் முடிந்தது. தோற்றேன். வெளியே வந்து ஒரு தட்டுவடை செட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், அந்த நடுவரைப் பற்றி என் சுற்று வட்டாரத்தில் இருந்த எல்லோரிடமும் புகார் சொன்னேன்.

3 ஜூன், இரவு 11:05

நகர்வுகளை நினைவிலிருந்துதான் எழுதியிருக்கிறேன். அந்தத் தாளின் நகல் பீரோவில் எங்கோ இருக்க வேண்டும்; எடுத்துச் சரிபார்க்கிறேன்.

5 ஜூன், மாலை 6:30

தாள் கிடைத்தது. மின்சார வாரிய ரசீதுகளுக்கு நடுவே இருந்தது. பலகையை விரித்து 50ஆவது நகர்விலிருந்து ஆடிப் பார்த்தேன். காய்களை நான் சரியாகவே நினைவு வைத்திருந்திருக்கிறேன். எண்ணிக்கையைத்தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

61ஆவது நகர்வாக அவள் ராஜா பி5க்கு வருகிறது. அப்போது என் யானை எஃப்6இல் இருக்கிறது, முறை என்னுடையது. 63இல் ராஜா மீண்டும் பி5, யானை எஃப்6, முறை என்னுடையது. 65இல் மூன்றாம் முறையாக அதே. அதாவது நான் யானையைத் தொடுவதற்கு முன்பே, அவள் 65ஆவது நகர்வை ஆடி முடித்த கணத்திலேயே, நிலை மூன்றாம் முறை பலகையில் வந்து நின்றுவிட்டது. அப்போது கேட்டிருந்தால் எதையும் எழுத வேண்டியதுகூட இல்லை. எழுதிக் கேட்டிருந்தாலும் சரியாகவே இருந்திருக்கும், ஏனென்றால் யானை எஃப்5க்குச் சென்று செக் கொடுக்கும் நிலையும் 61, 63 ஆகியவற்றில் வந்து, 65இல் மூன்றாம் முறை வரவிருந்தது. இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்திருந்தன. இரண்டையும் ஒரே விரலால் மூடியிருக்கிறேன். யானையைத் தொட்டதுமே அந்த நகர்வுக்கான உரிமை போய்விடும் என்பது விதி 9.4.

இத்தனை மாதங்களாக "என் நகர்வால்தான் மூன்றாம் முறை வந்தது" என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். பாதிதான் உண்மை. நான் டிராவை எண்ணவில்லை, செக்குகளை எண்ணியிருக்கிறேன். எண்ண வேண்டியது நகர்வுகளை அல்ல, நிலைகளை, அதுவும் யாருடைய முறை என்பதோடு சேர்த்து.

5 ஜூன், இரவு 8:10

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் தனிச் செய்தியில் கேட்டிருக்கிறார்: அப்படியானால் நீங்கள் ஆடி முடித்த அந்த நேரத்தில் டிரா கேட்கும் உரிமை யாருக்குமே இல்லையா?

இருந்தது. அவளுக்கு இருந்தது. யானை எஃப்5இல் நிற்கும் நிலை மூன்றாம் முறை வந்துவிட்டது, முறை அவளுடையது. அந்த மண்டபத்தில் அப்போது அந்த டிராவைச் சட்டப்படி கேட்கக்கூடியவள் அவள் ஒருத்தி மட்டுமே. அவளுக்கு அது வேண்டாம். கை உயர்த்திக்கொண்டு நின்றவனுக்கோ வேண்டும், ஆனால் உரிமை இல்லை.

6 ஜூன், காலை 7:20

இரவு தூங்குவதற்கு முன் இன்னொன்று தோன்றியது. நான் நடுவரை அழைக்காமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவள் பெரும்பாலும் பழையபடி ராஜாவை பி6க்கே நகர்த்தியிருப்பாள். 62, 64 ஆகியவற்றில் வந்த அந்த நிலை 66இல் மூன்றாம் முறை வந்திருக்கும், முறையும் என்னுடையதாக இருந்திருக்கும். அப்போது கையை உயர்த்தியிருந்தால் டிரா. முறை தவறி எழுப்பிய என் குரல்தான் அவளுக்கு மூன்று முறை வந்துவிட்டதை உணர்த்தியிருக்கிறது. கேள்வி கேட்ட நண்பரும் தம் தாளில் இதைப் பார்க்கலாம்: மறுக்கப்பட்ட பிறகு எதிராளி என்ன ஆடினார்?

8 ஜூன், மாலை 4:00

ஏன் எழுதாமல் ஆடினேன் என்பதைப் பற்றி இரண்டு நாட்களாக யோசித்தேன். வெறும் அவசரம் என்று சொல்லிவிடலாம். அது முழு விடையன்று.

நான் ஆடக் கற்றுக்கொண்ட காலத்தில் முதலில் எழுதுவதுதான் ஒழுக்கமாகக் கருதப்பட்டது. எங்களுக்குக் கற்றுத் தந்த பெரியவர், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதியவர், "நகர்வை எழுது, பேனாவைக் கீழே வை, பலகையை ஒரு முறை பார், அப்புறம் தொடு" என்பார். எழுதியபின் ஒரு கணம் பார்க்கும்போது கண்ணில் படும் தவறுகள் எத்தனையோ. எழுதியதைப் பேனா மூடியால் மறைத்து வைத்துக்கொள்வோம். தவறென்று தெரிந்தால் அடித்துவிட்டு வேறு எழுதுவோம். பழைய தாள்களில் என் அடித்தல் திருத்தல்களைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டுப் போல இருக்கும்.

2005இல் விதி மாறியது. ஆடிய பிறகுதான் எழுத வேண்டும், முன்கூட்டியே எழுதக் கூடாது என்றானது. தாளைக் குறிப்பேடு போலப் பயன்படுத்துவதைத் தடுப்பது அதன் நோக்கம். அந்தப் பழக்கத்தை விட எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. இடையில் இரண்டு முறை எச்சரிக்கையும் வாங்கினேன். கடைசியில் கை அடங்கியது: தொடு, வை, அழுத்து, எழுது. அந்த விதி 8.1 தனக்கு ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. 9.2இன்படியோ வெட்டலோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 நகர்வுகள் கடந்தால் டிரா கேட்கலாம் என்னும் 9.3இன்படியோ டிரா கேட்பவர் மட்டும் முன்கூட்டியே எழுதலாம். இருபதாண்டுகள் செலவழித்து அடக்கிய கையை, எப்போதோ ஒரு நாள், ஒரே ஒரு நகர்வுக்காக மறுபடி பழைய வழிக்குத் திருப்ப வேண்டும். அன்று அது திரும்பவில்லை.

பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் இந்த இழையைப் படித்தால் ஒரு வேண்டுகோள். குழந்தைகளுக்கு டிரா கேட்பதை வாயால் சொல்லிக் கொடுக்காதீர்கள். இருவரை உட்கார வைத்து, ஒருவரை எழுதச் சொல்லி, கடிகாரத்தை நிறுத்தச் சொல்லி, கையை உயர்த்தச் சொல்லுங்கள். அந்தச் சிறுமிக்கு யாரோ அப்படிச் சொல்லித் தந்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். நான் நடுவரிடம் வாதிட்டபோது அவள் முகத்தில் குழப்பமே இல்லை.

11 ஜூன், இரவு 9:15

வந்த கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

மூன்று முறையும் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. 1971இல் பியூனஸ் அயர்ஸில் பின்னாளில் உலகச் சாம்பியனான ஃபிஷரும் முன்னாள் சாம்பியன் பெட்ரோசியனும் ஆடிய தொடரின் மூன்றாம் ஆட்டம் இப்படித்தான் முடிந்தது. ஃபிஷர் 34ஆவது நகர்வாக ராணியை இ2க்கு நகர்த்தப்போவதாகவும் அதனால் நிலை மூன்றாம் முறை வரும் என்றும், ஆடும் முன்பே நடுவர் லோதர் ஷ்மிட்டிடம் தெரிவித்தார். அந்த அளவு ஆட்டக்காரரும் சொல்லிவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். இதை முன்பே நினைவுபடுத்திக்கொண்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

காய்கள் அதே கட்டங்களில் நின்றால் மட்டும் போதாது. யாருடைய முறை என்பது ஒன்றாக இருக்க வேண்டும். இரு பக்கமும் ஆடக்கூடிய நகர்வுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் முறை கோட்டை கட்டும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும்) உரிமை இருந்து பிறகு போயிருந்தால், அது வேறு நிலை. முதல் முறை 'என் பாசான்' முறையில் (இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயை உடனே அடுத்த நகர்வில் பக்கத்துச் சிப்பாயால்) ஒரு சிப்பாயை வெட்டும் வாய்ப்பு இருந்து பிறகு இல்லையென்றாலும் வேறு நிலைதான். 1986இல் நெதர்லாந்தின் டில்பர்க் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் கார்போவ், இங்கிலாந்தின் மைல்ஸ் ஆடிய ஆட்டம் ஒன்று மூன்று முறை வந்ததாகக் கணக்கிடப்பட்டு டிராவாக முடிந்தது. முதல் முறை வந்தபோது கறுப்புக்கு ராணிப் பக்கம் கோட்டை கட்டும் உரிமை இருந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தார்கள். நடுவர் உட்பட எல்லோரும் தவறவிட்ட கணக்கு அது. ஆகவே சேலத்துக் கல்யாண மண்டபத்தில் நான் தவறவிட்டதற்கு இரண்டு நிமிட ஆறுதல் உண்டு.

நடுவர் தாமாக வந்து டிரா என்று அறிவிக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். மூன்று முறைக்குக் கூடாது. ஆட்டக்காரர் கேட்க வேண்டும். ஐந்து முறை வந்தால் யாரும் கேட்காவிட்டாலும் ஆட்டம் டிராதான். பார்வையாளர் வரிசையிலிருந்து அப்பாக்கள் விரல்களைக் காட்டுவது எந்த எண்ணிக்கைக்கும் பொருந்தாது.

15 ஜூன், ஏற்காடு, இரவு

இன்று மலைக்கு வந்தேன். என் மனைவியின் தம்பி இங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவதற்கு அவரை விட்டால் எனக்கு ஆள் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்து திரும்பும்போதெல்லாம் மடியில் இருந்த தாளைப் பிடித்துக்கொண்டே வந்தேன். மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் பலகையை வைத்து, என் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். விதி 9.2, எழுதாதது, அவளுக்கு மட்டும் இருந்த உரிமை, எல்லாவற்றையும். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"மாமா, டிரா கேட்டது இருக்கட்டும். 66இல ராஜாவை எதுக்கு அங்க வெச்சீங்க?"

இந்த இழையில் மூன்றாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "நான்கைந்து நிமிடங்களில் ஆட்டம் முடிந்தது. தோற்றேன்" என்று ஒரு வரியில் கடந்திருக்கிறேன். வெயிலுக்கும் தட்டுவடைக்கும் கொடுத்த இடத்தைக்கூட அந்த நகர்வுக்குக் கொடுக்கவில்லை. வேண்டுமென்று மறைத்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறைந்தது எனக்கு வசதியாக இருந்தது.

நடந்தது இதுதான். 66இல் அவள் ராஜா சி4க்குச் சென்றது. என் யானை எஃப்5இல், ராஜா ஜி7இல். நான் செய்ய வேண்டியிருந்தது யானையை எஃப்6க்குத் திருப்புவது மட்டுமே. மீண்டும் அதே வான்சூரா நிலை. அவள் ராஜா பி5க்கு வந்தால் மறுபடி செக், சிப்பாய் ஏ7க்குப் போனால் யானை ஏ6. ஆட்டம் அப்போதும் டிராவாகவே இருந்தது. நடுவர் என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மறுக்கப்பட்டது டிராவை அந்த நொடியில் பெற்றுக்கொள்ளும் வசதி மட்டுமே. டிரா பலகையிலேயே கிடந்தது.

நான் ராஜாவை எஃப்7க்கு நகர்த்தினேன். ஏன் என்று இப்போது கேட்டால், சிப்பாயை நோக்கி ராஜாவைக் கொண்டுபோகலாம் என்று நினைத்ததாக ஒரு விடை சொல்லலாம். உண்மையில் எதையும் நினைக்கவில்லை. காது சூடாக இருந்தது. நடுவர் இன்னும் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாரா என்பதில்தான் கவனம் இருந்தது.

67இல் அவள் சிப்பாயை ஏ7க்குத் தள்ளினாள். நான் யானையை ஏ5க்கு, சிப்பாயின் பின்னால் கொண்டுவந்தேன். 68இல் அவள் யானை ஏ8இலிருந்து எச்8க்குச் சென்றது. நான் ஏ7ஐ வெட்டினால் யானை எச்7இல் செக், ஏழாம் வரிசையில் என் ராஜாவுக்குப் பின்னால் நிற்கும் யானை போய்விடும். வெட்டாவிட்டால் சிப்பாய் ராணியாகும். 67இலேயே ராஜாவை ஜி7க்குத் திருப்பியிருந்தாலும் பயனில்லை. அவள் யானையை ஜி8இல் வைத்துச் செக் கொடுப்பாள், நான் வெட்டியதும் சிப்பாய் செக்கோடு ராணியாகிவிடும். கறுப்பு ராஜா ஜி7, எச்7ஐ விட்டு நகரக் கூடாது என்று நான்தான் இந்த இழையில் பெரிய ஆசிரியரைப் போல எழுதியிருக்கிறேன்.

மைத்துனர் கைப்பேசியில் டேபிள்பேஸைத் திறந்து காட்டினார், குறைந்த காய்கள் உள்ள நிலைகளின் முடிவைக் கணினி முழுதாகக் கணக்கிட்டு வைத்த தொகுப்பு அது. ஐந்து காய் நிலை. அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. யானை எஃப்6: டிரா. ராஜா எஃப்7: தோல்வி.

கீழே சேலத்தின் விளக்குகள் தெரிந்தன. அந்த மண்டபம் எந்தத் திசையில் இருக்கும் என்று அவர் கேட்டார். காட்ட விருப்பமில்லாமல் வேறு எதையோ காட்டினேன்.

16 ஜூன், காலை

சிறு திருத்தம். நேற்று "நடுவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை" என்று எழுதியதற்கு ஒருவர், அவர் நின்ற விதம் உங்களைக் குலைத்தது என்றால் அவருக்கும் பங்கு உண்டல்லவா என்கிறார். இல்லை. நான் அழைத்ததால்தான் அவர் வந்தார்.

22 ஜூன், மாலை 5:45

கேள்வி கேட்டவர் சற்றுக் கோபமாக எழுதியிருக்கிறார். நான் என் கதையைச் சொல்லி அவருடைய குறையைச் சிறிதாக்குகிறேன் என்றும், விதி என்பது நியாயத்திற்காகத்தானே என்றும் கேட்கிறார். அதில் பாதியை ஏற்கிறேன். உங்கள் ஆட்டம் என் ஆட்டமன்று. மறுப்புக்குப் பின் நீங்கள் இருபது நகர்வுகள் ஆடித்தான் தோற்றிருக்கிறீர்கள், நான் இரண்டே நகர்வுகளில் தோற்றேன்.

ஆனால் முறை பற்றிய விதியை வெறும் சடங்கு என்று தள்ளிவிட முடியாது. நிலை திரும்ப வரும்போது இருவரில் ஒருவர் அதிலிருந்து விலக விரும்பலாம், அதற்கு அவருக்கு ஒரு நகர்வு உண்டு. சிங்கப்பூரில் 2024இல் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஆறாம் ஆட்டத்தில், நிலை திரும்பத் திரும்ப வந்து டிராவாகக்கூடிய இடத்தில், குகேஷ் 26ஆவது நகர்வாக ராணியை எச்4க்கு வைத்து அதை மறுத்தார். ஆட்டம் கடைசியில் டிராவாகத்தான் முடிந்தது, ஆனால் மறுக்கும் உரிமை அவருடையது. நீங்கள் ஆடிவிட்டுக் கேட்கும்போது எதிராளியின் நகர்வுக்குள் நுழைகிறீர்கள். அவருடைய நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே உங்களுக்குப் பேச இடமில்லை.

அரைப் புள்ளியின் விலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணான கே மதிப்பு 20 உள்ளவருக்கு டிராவுக்கும் தோல்விக்கும் உள்ள வேறுபாடு சரியாக 10 ரேட்டிங் புள்ளிகள். எதிராளியின் ரேட்டிங் என்னவாக இருந்தாலும் இந்த வேறுபாடு மாறாது. உங்கள் கே 40 என்றால் 20 புள்ளிகள். 2024 மார்ச் மாதம் 2000க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கை ஃபிடே உயர்த்தியபோது எனக்கு நூற்றுக்கும் மேல் இலவசமாக வந்தது. அதற்காக நான் யாரிடமும் நியாயம் பேசவில்லை. 10 போனதற்கு ஓராண்டு பேசினேன்.

13 ஜூலை, இரவு 10:30

இன்று மறுபடியும் டிரா கேட்டேன். பழைய நடுவர் அல்ல, இளைஞர் ஒருவர். சேலத்திலேயே, சிறிய போட்டி.

எனக்கு வெள்ளை. ஒரு யானை குறைவு. ஆனால் எதிராளியின் ராஜா திறந்த வெளியில் நின்றது. ராணியை இ8இல் வைத்துச் செக், அவர் ராஜா எச்7, ராணி எச்5 செக், ராஜா ஜி8, மறுபடி இ8. தப்ப வழியில்லாத தொடர் செக். 31ஆவது நகர்வு வந்தபோது பேனாவை எடுத்தேன். காயைத் தொடவில்லை. ராணி இ8 என்று எழுதினேன், கடிகாரத்தை நிறுத்தினேன், கையை உயர்த்தினேன். இந்த இழையை எழுதியவன் என்ற முறையில் என் தோரணை எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நடுவர் எங்கள் தாள்களை வாங்கி, பக்கத்து மேசையில் வேறொரு பலகையை வைத்து ஆடிப் பார்த்தார். 26, 29, 31 என்று நான் சொன்னேன். திரும்பி வந்து, 26க்கும் 29க்கும் நடுவே என் எச் சிப்பாயும் அவருடைய ஏ சிப்பாயும் ஒவ்வொரு கட்டம் நகர்ந்திருப்பதைக் காட்டினார். நான் ராணியையும் ராஜாவையும் மட்டுமே பார்த்திருந்தேன். சிப்பாய் நகர்ந்தால் பழைய நிலை ஒருபோதும் திரும்பாது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். விதி 9.5.3இன்படி எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்டப்பட்டது. எழுதிய நகர்வை நான் ஆடியே ஆக வேண்டும். ஆடினேன். நல்லவேளையாக, எழுதியது சரியான நகர்வு.

எதிராளி சேர்த்துக் கிடைத்த இரண்டு நிமிடங்களையும் செலவழித்து யோசித்தார். தப்ப வழியில்லை. ராஜா எச்7. ராணி எச்5, ராஜா ஜி8. மீண்டும் எழுதினேன், கடிகாரத்தை நிறுத்தினேன், கையை உயர்த்தினேன்.

அந்த இளைஞர் வந்து மேசையருகே நின்றார். "சார், இந்தத் தடவை எண்ணிட்டீங்கல்ல?"

"29, 31, 33" என்றேன்.